என் காருக்கு அண்ணன் வைத்த ஸ்பீக்கர்

என் காரின் நான்கு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன. நான் உள்ளே உட்கார்ந்து பாட்டுப் பெட்டியின் குமிழில் விரலை வைத்திருந்தேன். என் அண்ணன் காரில் இல்லை. பத்துத் தப்படி தள்ளி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டு கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஏத்து! ட்ரெபிள இன்னும் ஏத்து! பத்தல!"

கீச்சுச் சத்தத்துக்கான அந்தக் குமிழை ஏற்றினேன். கதவு நிழலில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

"இன்னும் கொஞ்சம்!"

அது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கச்சிராயபாளையத்தில் எங்கள் தெரு அப்படியொன்றும் அகலமில்லை. நாலு பேர் நின்றாலே கூட்டம்தான். எதிர்வீட்டு லூர்து அக்கா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா அமலா, கார்ல குந்திக்கினு கேக்கப் போறவ நீ. உங்கண்ணன் இன்னாத்துக்கு எங்க வூட்டாண்ட வந்து நின்னுக்கினு கேக்கறாரு?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

டிக்கியில் பலாப்பழம்

வெள்ளிமலையில் உள்ள அரசு சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். தினமும் மலை ஏறி இறங்குகிற வேலை. பல வருடம் பஸ்ஸில் போனேன். பஸ் கிடைக்காத நாளில் ஜீப்பில், சாமை மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையாகப் போனேன். பிறகு முழங்கால் பேச ஆரம்பித்ததும் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அதில் இருந்த ஒரே சொகுசு பாட்டு.

எனக்குப் பாட்டு வேண்டும். மருந்துக் கவுண்டரில் நாள் முழுக்க இருமலையும் வயிற்றுவலியையும் கேட்டுவிட்டு, வண்டியிலும் என் சொந்த யோசனைகளையே கேட்டுக்கொண்டு இறங்க முடியாது.

மலை மேலே மூடுபனி. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிற பழக்கம் வேறு. ஈரம் இறங்கி, கம்பெனி வைத்துக் கொடுத்த ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. முதலில் டிரைவர் பக்கத்துக் கதவு கரகரத்தது. பிறகு இடது பக்கம். பாடுகிறவர் தொண்டையில் சளி கட்டியது மாதிரி இருக்கும். என் தொழில்புத்திக்கு, மாத்திரை எடுத்துக் கொடுக்கலாமா என்று தோன்றும்.

கள்ளக்குறிச்சியில் கார் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த விற்பனையாளர் கதவைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இதெல்லாம் பேப்பர் ஸ்பீக்கர். கம்பெனிக்காரன் சும்மா பேருக்கு வெச்சிருப்பான். நாலு கதவுக்கும் புதுசு போட்டுடலாம், கண்ணாடியோரம் சின்னதா ட்வீட்டர் ரெண்டு. கதவுக்குள்ள ஷீட் ஒட்டிடலாம், அதிராது. சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிஃபயர். டிக்கில தம்முனு அடிக்கிற வூஃபர் பெட்டி ஒண்ணு."

"டிக்கியில நான் பலாப்பழம் வைப்பேனே" என்றேன். உண்மை. மலையில் நோயாளிகள் அன்பாகக் கொடுப்பதை மறுக்க முடிவதில்லை.

"அது சீசன்லதான மேடம்" என்றார் அவர் சளைக்காமல்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் வீடு சேர்வதற்குள் செய்தி வடக்கனந்தலில் இருக்கும் அண்ணனுக்குப் போய்விட்டது. மாலையே வந்து நின்றார்.

"ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டறவன் நானு. என் தங்கச்சி போய் எவன்கிட்டயோ ஸ்பீக்கர் மாட்டிக்கினு வந்தான்னா, நாளைக்கி ஒருத்தன் எனக்கு ஆர்டர் குடுப்பானா? இன்னா நெனச்சிக்கினு கீற நீ?"

கடைசி வீடு

அண்ணன் மைக் செட் வைத்திருக்கிறார். அந்தோணி மைக் செட் என்றால் கீழே வடக்கனந்தலிலிருந்து மேலே வெள்ளிமலை வரைக்கும் தெரியும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுவது, மாதா திருவிழா, எழவு, எதுவானாலும் அவருடைய சின்ன லோடு வேன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் நிற்கும். பின்னால் சாமான்களோடு இரண்டு ஆட்கள் உட்கார்ந்து வருவார்கள். ஓட்டுவது அண்ணன்தான். மலையில் தன் வண்டியை வேறொருவர் ஓட்டுவதை அவர் விரும்பியதில்லை.

அவருக்கு மீசை அரும்பிய காலத்திலேயே இந்தத் தொழிலுக்குப் போய்விட்டார். பனைமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். படிப்பு ஏறவில்லை, பனைமரம் ஏறியது என்று அப்பா சொல்வார். அதில் கோபமும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அந்தத் தொழிலில் அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சத்தத்தை எடை போடக் கூடாது. பாட்டைப் போட்டுவிட்டு, ஊரின் கடைசி வீடு வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று கேட்க வேண்டும். அங்கே வார்த்தை வார்த்தையாக விழுந்தால்தான் செட் சரி. காசு கொடுத்தவர் பந்தலில் இருந்தாலும், நாளைக்குப் பெயர் சொல்கிறவர் கடைசி வீட்டில் இருக்கிறார் என்பார்.

சரி, பந்தலுக்கு அது பொருந்தும். காருக்குக் கடைசி வீடு எது? அண்ணன் அதை யோசிக்கவில்லை. கை பழகியபடி கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி நடந்துவிட்டார். மைக் செட்காரரைத் தவிர வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. லூர்து அக்கா கேட்டதும், தெரு சிரித்ததும் அதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிழா என்றால், கடைசி வீடு வரை போய்க் கேட்டுத் திரும்பிய பிறகு, மூன்று நாளும் அண்ணன் இரண்டு பெரிய பெட்டிகளுக்கு நடுவில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எழுந்து போனால் யாராவது வந்து குமிழைத் திருகிவிடுவார்களாம். சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு. அங்கே பேச முடியாது. எத்தனை இட்லி என்று நான் விரலால் கேட்பேன், எட்டு என்று அவர் விரலால் சொல்வார். திரும்பி வரும்போது என் காதுக்குள் நெடுநேரம் கொய்யென்று இருக்கும். நான் அங்கே நிற்பது ஐந்து நிமிடம். அவர் முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்று ஜோடி ட்வீட்டர்

வேலை என்று வந்துவிட்டால் அண்ணன் கை சுத்தம். கதவின் உள்பலகையை, ஒரு கிளிப்கூட உடையாமல் கழற்றினார். பழைய ஸ்பீக்கரை எடுத்துக் காட்டினார். ஓரம் நைந்து, நனைந்து காய்ந்த காகிதம்போல் இருந்தது. புதியதன் காந்தம் பெரியது, அப்படியே வைத்தால் கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். அதற்காகப் பிளைவுட்டில் வளையம் அறுத்து, வார்னிஷ் பூசிக் கொண்டுவந்திருந்தார். ஒயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று பார்க்க, சுவர்க் கடிகாரத்து பேட்டரி ஒன்றை எடுத்து ஒயரில் தொட்டார். ஸ்பீக்கர் 'டப்'பென்று வெளிப்பக்கம் குதித்தால் சரி, உள்பக்கம் போனால் மாற்ற வேண்டும்.

"ஒண்ணு முன்னாடி தள்ளி, ஒண்ணு பின்னாடி இழுத்துச்சின்னா, புருசன் பொண்டாட்டி சண்ட மாதிரி ஆயிடும். சத்தம் ஜாஸ்தி, விஷயம் ஒண்ணும் வராது" என்றார்.

ட்வீட்டர் விஷயத்தில் மட்டும் மனிதர் குமுறிக்கொண்டிருந்தார். கீச்சுச் சத்தங்களுக்கு என்றே இருக்கிற பொத்தான் அளவு ஸ்பீக்கர் அது. முதலில் வாங்கிய ஜோடியை வீட்டில் போட்டுப் பார்த்தாராம், சத்தமே இல்லையாம். கடையில் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது ஜோடியும் அப்படியே.

"கடக்காரன் காதுல வெச்சிக் கேட்டுட்டு, நல்லாதானண்ணா பாடுதுங்கறான். என்கிட்டயே! எத்தினி வருசமா இந்தத் தொழில்ல கீறேன், என்கிட்டயே டம்மி பீச தள்ளப் பாக்கறான். போட்டேன் பாரு ஒரு சத்தம்!"

மூன்றாவதாக, கடையில் இருந்ததிலேயே விலை கூடியதை வாங்கி வந்திருந்தார். அதுவும் கொஞ்சம் கம்மிதான், ட்ரெபிளை ஏற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்றார். நான் கடைக்காரரைத் திட்டினேன். ஊரில் யோக்கியமே போய்விட்டது என்றுகூடச் சொன்னேன்.

இதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன காட்சி. தெருவில் நின்று கேட்டு முடித்ததும் அண்ணன் வந்து உள்ளே உட்கார்ந்தார். நான்கு கதவுகளையும் சாத்தினார். பாட்டைப் போட்டு, ட்ரெபிளைக் கடைசிவரை திருகினார்.

"இப்பதான் கண்ணாடியாட்டம் கீது."

எனக்குப் பல் கூசியது. பாடகி 'ஸ' என்று சொல்லும்போதெல்லாம் ஊசி ஏறியது. தாளத்தட்டு தலைக்குள்ளேயே விழுந்தது.

"ண்ணா, காது வலிக்குது."

"பழகிடும். பழைய ஸ்பீக்கர்ல கேட்டுக் கேட்டு உன் காது கெட்டுப்போய் கீது" என்றார். என் காது கெட்டுவிட்டதாம்.

மைக் செட்காரரிடம் காரைக் கொடுத்தால் காருக்குள் திருவிழாதான் என்று அன்று சாயங்காலம் மூன்று பேரிடமாவது சொல்லிச் சிரித்தேன்.

நீள விசில்

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணனும் வந்து ஏறிக்கொண்டார். வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்கு இடம் பார்க்க வேண்டும், கதவு அதிர்கிறதா என்பதும் மலை ஏறினால்தான் தெரியும் என்றார். அவரே ஓட்டினார். பின் சீட்டில் அவருடைய கருவிப் பெட்டி, ஒயர்ச் சுருள், ஸ்பீக்கர் அட்டைப் பெட்டிகள், பின் கண்ணாடியை மறைக்கிற அளவுக்கு அடுக்கியிருந்தன.

மலைச்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவு வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்க வேண்டும். எதிரே வருவதைக் கண் பார்ப்பதற்குள் காது சொல்லிவிடும். அண்ணனும் ஒழுங்காகப் பாட்டை நிறுத்தினார், கண்ணாடியை இறக்கினார். அதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததற்குப் பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் வந்தது. வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. இந்த மாதிரி நேரத்தில் சின்ன வண்டிதான் பின்னால் போக வேண்டும். பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, எங்கள் காருக்குப் பின்னால் பள்ளத்தின் பக்கமாக நின்றுகொண்டார். சின்னச் சின்னதாக விசில் ஊதினால் வரலாம். நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்த வேண்டும். இது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் பின்னால் எடுத்தார். விசில் சின்னச் சின்னதாக வந்தது. பிறகு நீளமாக வந்தது. அண்ணன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு நீள விசில். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். பதற்றம் எதுவும் இல்லை. நிதானமாக, கவனமாக, நல்ல ஓட்டுநர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

நான் கை பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கார் உலுக்கி நின்றது. அதே நேரம் கண்டக்டர் டிக்கியில் ஓங்கி ஒரு அடி அடித்தார். இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் சாலையின் விளிம்புக்கல்லின் மேல் ஏறியிருந்தது. அதற்கப்புறம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது.

"இன்னாங்க நீங்க, விசில் அடிச்சிக்கினே கீறேன், காதுல வுழலியா? இன்னும் கொஞ்சம் வந்திருந்தா உசுரே போய்ட்ருக்கும்" என்று கண்டக்டர் கத்தினார். அண்ணன் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கண்டக்டரின் கோபம் இன்னும் ஏறியது.

பஸ் போன பிறகு, கொஞ்சம் மேலே அகலமான இடத்தில் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்தார். அப்புறம் கேட்டார்.

"ஊதினானா?"

"ஊதினாரு."

"எத்தினி தபா?"

"முதல்ல சின்னச் சின்னதா. அப்புறம் நீளமா ரெண்டு தடவ."

அண்ணன் பாட்டைப் போட்டார். ட்ரெபிளை முழுக்கக் குறைத்தார். பிறகு முழுக்க ஏற்றினார். மறுபடி குறைத்தார், மறுபடி ஏற்றினார்.

"உனக்கு வித்யாசம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"எனக்குத் தெரியல அமலா."

மைக் செட்காரருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ட்வீட்டர் மூன்று ஜோடியும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. மருந்துக் கவுண்டரில் இருபது வருடம் நின்ற எனக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓயாத சத்தத்தில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் போகும். பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். விசில் மாதிரியான கீச்சுச் சத்தங்கள் மட்டும் முதலில் கிளம்பிப் போகும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கூடப் பிறந்தவருக்கு அப்படி ஆனது தெரியாமல் கடைக்காரரைத் திட்டினேன்.

பிரசங்கம்

பிறகு அவர் கேட்டதுதான் இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

"போன மாதா திருவிழாவுல, ஃபாதர் பிரசங்கம் வெக்கிறப்ப, மைக்கு கூவிச்சா?"

கூவியது. மைக்கில் போன சத்தம் பெட்டி வழியாக வந்து, மறுபடி மைக்கிலேயே நுழைந்தால் கீயென்று ஊளையிடுமே, அதைத்தான் கூவுவது என்பார்கள். அந்த வருடம் பங்குத்தந்தை பிரசங்கத்தைத் தொடங்கியதிலிருந்தே கூவியது. ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கத்தைப் பக்தியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பங்குத்தந்தை இரண்டு முறை நிறுத்தி அவரைப் பார்த்தார். அண்ணன் கும்பிட்டார்.

அந்தோணிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று அன்றைக்கு ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதுப் பெட்டி நாலு வாங்கியதும் பங்குச் சாமியாரையே மதிக்கவில்லை என்றார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, போன் மணி அடித்தால் எடுப்பதில்லை என்று ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

"கூவிச்சி" என்றேன்.

"எம்மா நேரம்?"

"கடைசி வரைக்கும்."

"நீ எங்க இருந்த?"

"மூணாவது பெஞ்சுல."

"ஏன் வந்து சொல்லல?"

அன்றைக்கு நானும் திமிர் என்றுதான் நினைத்தேன். பாட்டை நிறுத்தினேன். அண்ணன் கீழே இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு" என்றார்.

காத்திருந்தவர்

அந்த வாரமே கள்ளக்குறிச்சியில் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். ஒவ்வொரு முறை சத்தம் அனுப்பும்போதும் கருவியில் சின்ன விளக்கு எரியும். முதலில் விளக்கு எரிய, அண்ணன் அழுத்தினார். போகப் போக, விளக்கு மட்டும் எரிந்தது. அண்ணன் பொத்தானில் கட்டை விரலை வைத்தபடி, கவனமாக, நல்ல பிள்ளை மாதிரி காத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே பேசி முடித்தோம். மலைக்கு அவர் வண்டி ஓட்டக் கூடாது. வேனின் பின்னால் இரண்டு குடும்பத்துப் பிழைப்பு உட்கார்ந்து வருகிறது என்றேன். சண்டை போடாமல் ஒப்புக்கொண்டார். ஓட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறார். இப்போது செட் முன்னால் அண்ணி நாற்காலி போட்டு உட்காருகிறார். மைக் கூவத் தொடங்கியதும் அண்ணனின் முழங்காலில் ஒரு தட்டு. அவர் குமிழைக் குறைத்துவிடுவார். காதில் மாட்டுகிற கருவி வாங்கியிருக்கிறார்; வீட்டில் மாட்டுவார், வேலைக்குப் போகும்போது கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

எனக்கு ஒரு குறை பாக்கி இருந்தது. "ஜனங்ககிட்ட நான் சொல்லிடறேன் ண்ணா. உனக்குத் திமிரு கெடையாது, காதுதான் கேக்கலன்னு ஃபாதர்கிட்டயாவது சொல்றேன்" என்றேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயத் தொறக்காத. திமிரு புடிச்சவன்னு திட்டிக்கினாவது கூப்புடறானுங்க. காது கேக்காதவன்னு தெரிஞ்சா மைக் செட்டு எவன் குடுப்பான்?"

இதை எழுதலாமா என்று கேட்டேன். ஊரும் பேரும் கொஞ்சம் மாறியிருந்தால் எழுதிக்கொள் என்றார். கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

போன வாரம் கவுண்டரில் மருந்து வாங்கிய ஒருவர், பையை மடித்துக்கொண்டே நின்றார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணன்தான் மைக் செட்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். வேல சுத்தம்தான். ஆனா உங்க அண்ணனுக்குத் திமிரு ஜாஸ்திங்க. பின்னாடி நின்னு நாலு தபா கூப்புட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"ஆமாங்க" என்றேன். "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."